சாத்திய கதவுக்குள் பிள்ளைகளுக்குச் சொன்னது

தொண்ணூறுகளின் நடுவில் கோடை தொடங்கும் சமயத்தில் என் கழுத்தில் கட்டி ஒன்று வந்தது. கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

என் அப்பா இறந்தபோது முறையாக உயில் எழுதி வைத்திருந்தார். பொதுக்கிணற்றில் எந்தக் கிழமை யாருக்குத் தண்ணீர் என்பதுவரை அதில் இருந்தது. நாங்கள் எப்படி இருக்க வேண்டுமென்று நினைத்தார் என்பதற்கு ஒரு வரி கிடையாது. என் பேரில் சொத்து எதுவும் இல்லை. நகை யாருக்கு என்று மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒன்பதாவது படிக்கும் மகளுக்கும் ஐந்தாவது படிக்கும் மகனுக்கும், நான் சரி என்று நம்புகிறவற்றையாவது விட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது.

எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி வந்தது. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, டேப் ரெக்கார்டரில் பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீடு அவிநாசியைத் தாண்டிக் கோயமுத்தூர் போகும் வழியில், என் கணவரின் தறிக்கூடத்தை ஒட்டி இருந்தது. தறி ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதனால் மதியம் கரண்ட் போகும் நேரம் பார்த்து, பேட்டரி போட்டுக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசுவேன்.

சோதனை முடிவை என் கணவர் மட்டும் போய்க் கேட்டு வந்தார். "சாதாக் கட்டிதானாம். மாத்திரை தின்னாப் போதும்னு சொல்லிப்போட்டாங்க" என்றார். நம்பினேன். ஆனால் தொடங்கியதைப் பாதியில் விட மனமில்லை. தொடர்ந்து பேசினேன்.

அந்தச் சமயத்தில் என்னைப் பார்ப்பதற்காக என் கணவரின் அக்கா சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். ஒரு நாள் மதியம் அவர் கதவைத் தட்டினார்.

"ஏன் அம்மணி, கரண்டும் இல்ல, ஃபேனும் இல்ல. இந்த வேக்காட்டுல கதவச் சாத்திக்கிட்டு யாருகிட்டப் பேசற?"

"யாருகிட்டயும் இல்லீங் நங்கையா. பாட்டுக் கேட்டுட்டிருந்தேன்."

அவர் என்னைத் தாண்டி அறைக்குள் பார்த்தார். குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார். டேப் ரெக்கார்டர் தலையணைக்குப் பின்னால் இருந்தது.

மறுநாளிலிருந்து வீடு மாறிவிட்டது. ஊருக்குக் கிளம்ப இருந்த நங்கையா கிளம்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பூ வாங்கி வந்தறியாத என் கணவர் மல்லிகைப் பூவோடு வந்தார். தறியை விட்டுவிட்டு மதியமே வந்து, "சாப்புட்டயா?" என்று கேட்டார். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போனால் மகள் பின்னாலேயே வந்தாள். எதற்கு என்று கேட்டால் மாட்டைப் பார்க்க வந்தேன் என்றாள். கொட்டகை அலமாரியில் இருந்த பூச்சிமருந்து டப்பாக்களைக் காணோம். நான் உள்ளே நுழைந்தால் நங்கையாவும் என் கணவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

இத்தனை அன்பு எதற்கு என்று யோசித்தேன். ஒரே காரணம்தான் தெரிந்தது. டாக்டர் வேறு ஏதோ சொல்லியிருக்கிறார், என்னிடம் மறைக்கிறார்கள்.

"அந்த ரிப்போர்ட்டக் கொஞ்சம் காட்டுங்க" என்று என் கணவரிடம் கேட்டேன்.

"அது ஆஸ்பத்திரியிலயே வெச்சுக்கிட்டாங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பீரோவில் தேடினேன். அவருடைய சட்டைப் பைகளில் தேடினேன். இல்லை. நங்கையா குளிக்கப் போன நேரம் பார்த்து, மகள் பள்ளிக்குப் போனதும், யாரிடமும் சொல்லாமல் கோயமுத்தூர் பஸ் ஏறினேன்.

டாக்டர் என் ஃபைலை எடுத்துப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர்கிட்டத் தெளிவாச் சொன்னேனே. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று சலித்துக்கொண்டார். அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. வெளியே இருந்த நர்ஸிடம் ஒரு முறை அந்தத் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் திரும்பினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே தறிச் சத்தம் இல்லை என்பது தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் கிணற்றைச் சுற்றிக் கூட்டம். தறிக்காரர் ஒருவர், வாளி விழுந்தால் எடுக்கிற கொக்கிக் கயிற்றை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். என் கணவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கயிற்றை எடுக்கச் சொல்லித் தறிக்காரரிடம் கைகாட்டினார்.

"எங்க போயிருந்த?"

"டாக்டர்கிட்டங்க. நீங்க மறச்சதக் கேட்டுட்டு வரப் போனேன்."

"நான் என்னத்த மறச்சேன்?"

"பூவெல்லாம் வாங்கிட்டு வந்தா வேற என்னன்னு நெனைக்கறதுங்க?"

நங்கையாதான் பதில் சொன்னார். "நாந்தான் அம்மணி தம்பிகிட்டச் சொன்னேன். 'நான் இல்லாமப் போனா அழுதுட்டு உக்காந்துக்காதீங்க'ன்னு நீ உள்ள பேசுனது கேட்டுது. ஒருத்தி கதவச் சாத்திக்கிட்டு அப்படிப் பேசுனா என்னன்னு நெனைக்கறது? அதுனாலதான் மருந்தெல்லாம் எடுத்து மறச்சு வெச்சோம்."

நான் செத்துப்போவேன் என்று அவர்கள் பயந்திருக்கிறார்கள். அவர்கள் பயத்தைப் பார்த்து நான் செத்துப்போவேன் என்று நானும் பயந்திருக்கிறேன். விளக்கிச் சொன்னால் நம்புகிற நிலையில் யாரும் இல்லை. பிள்ளைகள் வந்ததும் கேசட்டைப் போட்டேன்.

தறி ஓட்ட வருகிறவர்களையும் வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும் என்று என் குரல் சொன்னது. தப்புச் செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்றது. "படிப்பு முடியாமக் கல்யாணத்துக்குத் தலையாட்டாத கண்ணு" என்றபோது மகள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அடுத்து என்ன வரும் என்பது எனக்கு நினைவு வந்து கை நீட்டுவதற்குள் அதுவும் வந்துவிட்டது.

"தம்பி, உங்க அத்தைகிட்ட வாங்குன மாதிரி அக்காகிட்டக் கையெழுத்து வாங்கிப்போடாத. அவளுக்கும் பங்கு இருக்குது. அவ கேக்கறதுக்கு முந்தியே குடுத்துரு."

பெண்களுக்கும் பூர்வீக நிலத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்த பிறகு, ஊரில் பலரும் செய்ததையே என் கணவரும் செய்திருந்தார். அக்காவை வரவழைத்து, பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து, பங்கு வேண்டாம் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. கதவைச் சாத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

"அந்தக் கடைசிய இன்னொருக்காப் போடு சாமி" என்றார் நங்கையா என் மகனிடம். அவன் போட்டான். என் கணவர் எழுந்து தறிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

நங்கையா ஊருக்குப் போன அன்று என் கணவர் என்னிடம் கேட்டார். "நீயும் அக்காளும் பேசி வெச்சுக்கிட்டுத்தான இதச் செஞ்சீங்க? கெணத்து மேட்டுல நான் பட்டது உங்களுக்கு நாடகமாப் போச்சா?"

"சத்தியமா இல்லீங்க."

அவர் நம்பவில்லை. அதன்பின் பல மாதம் நங்கையாவின் போன் வந்தால் பக்கத்திலேயே நின்று நான் பேசுவதைக் கேட்பார். அவர் கேசட்டை அழித்துவிடுவார் என்று எனக்குச் சந்தேகம். ராகிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். ஒரு விசேஷத்தில் நங்கையாவே என்னைத் தனியாக அழைத்து, "எனக்குக் கேக்கட்டும்னுதான அன்னிக்குச் சத்தமாப் பேசுன?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். அவரும் நம்பியதாகத் தெரியவில்லை.

மறு வருடம் சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில், சொந்தக்காரர்கள் நாலு பேர் இருக்கும்போது என் கணவர் அக்காவிடம் கேட்டார். "ஏக்கா, உனக்கு அந்த மேட்டுக்காடு வேணுமா?" வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"வேணும் தம்பி" என்றார் நங்கையா.

மேட்டுக்காடு என்பது பூர்வீக நிலத்தில் மழையை நம்பிய ஒரு துண்டு; சரிபாதி இல்லை. ஆனாலும் என் கணவர் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதிக் கொடுத்தார். பத்திர ஆபீசில் நங்கையா என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு தாளையும் சத்தமாகப் படிக்கச் சொன்னார். நாலு பக்க எல்லையையும் இரண்டு தடவை கேட்டார். என் கணவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படித்து முடித்ததும் நங்கையா கேட்டார். "காட்டுக்குப் போக வர வழித்தடம் எழுதியிருக்குதா தம்பி?"

எழுதியிருக்கவில்லை. அந்தத் தாளை மறுபடி டைப் அடித்து வாங்குவதற்குள் மாலையாகிவிட்டது.