கருப்பர் தள்ளிவிட்ட மாமா

அத்தை மூக்குப்பொடி போட்டுப் போட்டு வாசனை என்பதையே மறந்தவள். அதனால் மாமா பட்டறையிலிருந்து வந்ததும் அவர் வாயை மோந்து பார்த்துச் சொல்லும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது. பாவாடை கட்டிய சின்னப் பெண்ணுக்கு அது பெரிய பதவிதான்.

அது உலகச் சண்டைக் காலம். புதுக்கோட்டையிலும் பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்களின் பின்னால் கரி எரிக்கும் பெரிய இரும்பு டிரம்களை மாட்டி ஓட்டினார்கள். மாமா அந்த டிரம்முக்குள்ளேயே குந்திக்கொண்டு வெல்டிங் வைப்பார். கொஞ்ச நாளாக அவர் நடை சரியில்லை. குதிகால் தரையில் படாமல் சேவல் மாதிரி நடந்தார். பேச்சு இழுத்தது. பக்கத்து வீட்டு எழவில் காரணமே இல்லாமல் சிரித்துவைத்தார். கள்ளுதான் என்று தெருவே தீர்ப்பெழுதிவிட்டது.

"கள்ளு வாடை இல்லை அத்தே, இரும்புப் புகை வாடைதான் வருது" என்று தினமும் சொன்னேன்.

"ஒனக்கு என்னடி தெரியும்? வெத்தலை போட்டு மறைச்சிருப்பாரு" என்பாள் அத்தை. பிறகு எதற்கு என்னை மோக்கச் சொன்னாளோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

கடைசியில், கருப்பர் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தால்தான் ஆச்சு என்று நின்றாள். இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, வந்துவிடுவாளாம். மாமா மறுபேச்சில்லாமல் வந்தார். உள்ளங்கையால் சூடத்தை அணைத்து, "நான் குடிக்கலை" என்றார். அப்பாடா, அத்தை இனி மாமாவோடு இருப்பாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. சத்தியம் செய்தவர் கருப்பருக்கு முதுகு காட்டக் கூடாது. பார்த்தபடியே பின்னால் நடந்து வெளியே வர வேண்டும். மாமா பின்னால் ஓர் அடி வைத்தார். வெட்டிப்போட்ட வாழையாக மல்லாந்து விழுந்தார்.

"பொய்ச் சத்தியம். கருப்பரே தள்ளிவிட்டுட்டாரு" என்றார் பூசாரி.

கருப்பர் பொய் சொல்ல மாட்டார். என் மூக்கும் பொய் சொல்லவில்லை. இதை யாரிடம் போய்க் கேட்பது?

அன்று சாயங்காலமே அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமாவும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். "வா, வீட்டுக்குப் போவோம்" என்றார். ஏற்ற இறக்கமில்லாத குரல்.

"அந்த மூஞ்சியப் பாருங்கண்ணே. கொஞ்சமாச்சும் கவலை இருக்கா?" என்றாள் அத்தை.

அப்பா பார்த்தார். நானும் பார்த்தேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. அப்பா கதவைச் சாத்தினார்.

மாமாவுக்குப் பிறகு அதே வேலைக்கு வந்தவர் கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர். அவருக்கும் அதே நடை வந்தது. வெல்டிங் புகை மூளையைக் கெடுத்துவிட்டது, பின்னால் அடி வைத்தால் கால் பின்னிக்கொள்ளும், காரணமில்லாமல் சிரிப்பு வரும், மற்றபடி முகம் அசையாது என்று மதுரை டாக்டர் ஒருவர் சொன்னாராம். அதற்குள் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்று, மாமாவுக்கு வருத்தமே இல்லை என்றுதான் நினைத்தேன். அழ மறந்துபோன முகத்தை வைத்துக்கொண்டு அவர் வாசலில் அழுதுகொண்டுதான் நின்றார் என்று எனக்கு எப்படித் தெரியும்?