ரேடியேட்டர் குடித்த தண்ணீர்

மலையிறங்கி ஆலங்காயம் போகும் பஸ்ஸில் இருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்த கிழவர் இப்போதுதான், "கொஞ்சம் தண்ணி குடு தம்பி" என்றார்.

குரலிலேயே தெரிந்துவிட்டது. வேன்கார முனிசாமி. எண்பதுகளில் எங்கள் மலையில் ஓடிய ஒரே வேன் அவருடையது.

ரேடியேட்டர் ஓஸ் எல்லாம் வெடிப்பு விட்டிருக்கும். சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருப்பார். அப்படியும் ஒழுகும். பாதி வழியில் வண்டியை நிறுத்தி, எங்கள் குடிதண்ணீரை வாங்கி ரேடியேட்டரில் ஊற்றுவார்.

ஒருமுறை காய்ச்சலில் கிடந்த அம்மாவை அந்த வேனில் மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் மடியிலிருந்த, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையும் எடுத்துக்கொண்டார்.

"அம்மாவுக்கு நாக்கு வறளுதுங்க" என்றேன்.

"அது கீழ போயி குடிக்கும். வண்டி குடிக்கலன்னா இன்னா பண்ணுவ, தூக்கினு போவியா?"

அடுத்த வாரமே ஓஸ், பைப் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினார். மகளுக்குக் கல்யாணம். "பொண்ணு போற வண்டி, வழியில நிக்கக் கூடாது பாரு" என்று என்னிடமே சொன்னார்.

பாட்டிலைத் திறந்தபடி, "உங்களுக்கா, வண்டிக்கா?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. "எனக்குத்தான் தம்பி" என்றார்.

கடைசிச் சொட்டுவரை நானே குடித்துவிட்டு, "கீழ போயி குடிப்பீங்க" என்றேன்.

திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். ஆலங்காயம் வர இன்னும் நேரம் இருக்கிறது. அவர் காலி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.