ஆஸ்பத்திரி போகும்வரை

பதினான்கு வயதில் வீட்டில் எனக்கு வயிற்றுவலிக்காரி என்று பெயர். கணக்குப் பரீட்சை வரும் நாட்களில் தவறாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவேன். அதனால் உண்மையிலேயே உடம்புக்கு ஒன்று வந்தபோது யாரும் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

முதல் தடவை பள்ளி மைதானத்தில் வந்தது. த்ரோபால் ஆட்டத்துக்கு முன்னால் குனிந்து ஷூ லேஸ் கட்டிவிட்டு நிமிர்ந்தேன். நெஞ்சு திடீரென்று படபடவென்று அடிக்கத் தொடங்கியது. ஓடிவந்து நின்றால் அடிக்குமே, அப்படி இல்லை. நான் சும்மா நிற்க, அது மட்டும் ஓடியது. கழுத்து வரைக்கும் துடித்தது. கால் மணி நேரம் கழித்து, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நின்றது. அடுத்த நிமிடம் நான் ஆடப் போய்விட்டேன்.

அதன்பிறகு மூன்று மாதமாக, மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்தது. அம்மா இரண்டு முறை என்னை எங்கள் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸிலிருந்து ராபர்ட்சன்பேட்டை டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். இரண்டு முறையும் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிட்டது. ஈசிஜியில் ஒரு குறையும் இல்லை. பரீட்சை பயமாக இருக்கும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது அம்மா பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "உன் வயித்துவலி இப்போ நெஞ்சுக்கு ஏறிடுச்சா?"

அதற்குப் பிறகு நான் சொல்வதையே நிறுத்திவிட்டேன். வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நிற்கும்வரை உட்கார்ந்திருப்பேன். செத்துப்போய்விடுவேனோ என்று பயமாகத்தான் இருந்தது. த்ரோபால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அப்பா விடிவதற்கு முன் பெங்களூர் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறவர். என் நெஞ்சு ஓடிய எந்த நேரத்திலும் அவர் வீட்டில் இருந்ததில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஸ்கெலட்டன் என்ற பக்கத்துக் குடியிருப்பில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். துணி வாளியைத் தூக்கக் குனிந்தேன், வந்துவிட்டது. நைசாகக் குளியலறைப் பக்கம் நழுவினேன். கூடத்தில் சவரம் செய்துகொண்டிருந்த அப்பா கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிடித்த கையை விடவில்லை. பாதி சவரம் செய்த முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "நட" என்றார்.

ஆட்டோவில் ஏறியதும் எனக்கு ஒரே கவலை. இந்தத் தடவையும் போவதற்குள் நின்றுவிட்டால், அப்பாவும் என்னைப் பொய்க்காரி என்பார். நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் கும்பிடுவது புத்தரை; அவரிடம் இப்படியெல்லாம் வேண்டலாமா என்று தெரியவில்லை. ரயில்வே கேட் வேறு மூடிக்கிடந்தது.

"இன்னும் அடிச்சினு கீதாம்மா?"

"கீதுப்பா."

"நிக்கலையே?"

"இல்லப்பா."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், அல்லாரும் சீக்கிரம் நிக்கணும்பாங்க. நீங்க நிக்கக்கூடாதுன்றீங்க!"

"நீ கேட்டைப் பாருப்பா" என்றார் அப்பா.

நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்து ஒயர்களை ஒட்டியபோதும் ஓடிக்கொண்டேயிருந்தது. மெஷினிலிருந்து வந்த காகிதத்தில் கோடுகள் சீப்பின் பல் மாதிரி நெருக்கமாக விழுந்திருந்தன. டாக்டரம்மா அதை அப்பாவிடம் காட்டினார். "நோடி சார், இதப் பாருங்க, சிக்கிருச்சு!"

ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றை என் வாயில் கொடுத்துப் பலமாக ஊதச் சொன்னார். மூச்சு முட்ட ஊதினேன். உடனே என்னைப் படுக்கவைத்துக் காலிரண்டையும் மேலே தூக்கிப் பிடித்தார். நெஞ்சு ஒருமுறை தடுக்கி விழுந்து எழுந்த மாதிரி இருந்தது. பிறகு எல்லாம் அமைதி.

"இதயத்துல கரெண்ட் போற வழி ஒண்ணு கூடுதலா இருக்கு, அவ்வளவுதான். சாகிற வியாதி இல்ல. ஸ்கேன் எடுத்துடலாம். ரொம்பத் தொந்தரவு பண்ணா பெங்களூர்ல சரி பண்ணிடலாம்."

"த்ரோபால் ஆடலாமா?" என்றேன்.

"ஸ்கேன் பாத்துட்டு ஆடு."

அப்பா கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். "சாகிற வியாதி இல்லன்னு சொன்னீங்களே டாக்டர், அத்த இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு முறை சொன்னார்.

ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. மத்தியான பஸ்ஸில் ஏறினோம். ஈசிஜி காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா வந்ததும் அதை எப்படி நீட்டுவது, என்ன சொல்லி நீட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பி இரண்டு நிமிடம் ஆகவில்லை, அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பாதி மழித்த முகம், திறந்த வாய். கண்டக்டர் பார்த்துச் சிரித்தார். எங்கள் ஸ்டாப் வந்தது; உலுக்கினேன், அப்பா எழவில்லை. ஸ்டாப் போய்விட்டது. கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார். வெயிலில் திரும்பி நடந்தோம். வழியெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

பல வருடம் கழித்து, பெங்களூரில் அந்தக் கூடுதல் வழியை அடைத்துவிட்டு நான் வீடு திரும்பிய அன்று அம்மா சொன்னாள். அந்த மூன்று மாதமும் அப்பா ராத்திரியில் என் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். தூங்கச் சொன்னால், ரயிலில் தூங்கிக்கொள்கிறேன் என்பாராம். ரயிலிலும் தூங்கவில்லை என்று கூடப் போகிறவர்கள் சொன்னார்களாம்.

அன்றைக்கு அது எதுவும் எனக்குத் தெரியாது. தோள் வலிக்கிறது, அப்பாவுக்கு இறங்கவேண்டிய இடம்கூடத் தெரியவில்லை என்ற கோபத்தில், வீடு வந்து சேரும்வரை நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை.