அப்பாவை நான் கொன்ற ஒரு பக்கக் கட்டுரை

ணங்... ணங்... ணங்...

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்கு விடிந்தது இந்தச் சத்தத்தில்தான். அப்பாவுக்கு ரயில் சக்கரம் தட்டுகிற வேலை. நீளப் பிடி போட்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் ணங்கென்று பேசும். வெடிப்பு விட்டது தொண்டை கட்டினவன் மாதிரி முனகும். அப்பா சாக்பீஸில் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தின கதை இது. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்திருந்தேன். கிள்ளானில் ஒரு பயிற்சிக் கல்லூரி... பேர் வேண்டாம். அங்கே இடம் கிடைத்தால் ஹாஸ்டல், சாப்பாடு, முடித்ததும் வாத்தியார் உத்தியோகம். கிடைக்காவிட்டால் நானும் சுத்தியல்தான்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். உன் குடும்பம் எப்படிப்பட்டது, ஏன் படிக்க வருகிறாய், ஒரு பக்கம், சொந்தக் கையெழுத்தில்.

அட, பெரிய பெரிய கட்டுரையெல்லாம் எழுதிப் பரிசு வாங்கினவன் நான். இங்கிலாந்தின் வசந்த காலத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதுவேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. என்னைப் பற்றி ஒரு பக்கம் வரவில்லை. இரண்டு வாரம் கிழித்துக் கிழித்துப் போட்டேன்.

பார்த்துக்கொண்டே இருந்த அப்பா என்னை பெட்டிஷன் ரைட்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் காலத்தில் துரைமாருக்கு எதை எழுதுவதானாலும் தபாலாபீஸ் வாசலில் மேஜை போட்டிருந்த அந்த மனிதர்தான். லீவா, சம்பளமா, கல்யாணமா, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே அச்சு. தகப்பன் இல்லை, தாய் சீக்காளி, குடும்ப பாரம் என் தலையில், கருணை காட்டுங்கள் பிரபுவே.

அப்பாவைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்துக்கொண்டே 'மை லேட் ஃபாதர்' என்று எழுதினார் அந்த ஆள்!

"ஐயா, அப்பா இருக்காரே..." என்று மெதுவாகச் சொன்னேன்.

"இருக்காருன்னு எழுதினா, அப்ப அவரே படிக்க வைக்கட்டுமேன்னு தூக்கிப் போட்ருவான் தம்பி. எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க. பேசாம காப்பி பண்ணு."

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. "நல்லா எழுதிட்டீங்களாய்யா?" என்று பயபக்தியோடு கேட்டார். எனக்குத் தெரியுமே. தெரிந்துதான் என் முத்து முத்தான கையெழுத்தில் காப்பி பண்ணினேன்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்பா இரவல் கோட்டு போட்டுக்கொண்டு கூடவே வந்தார். கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கினதும் ஒரு மழை. மழை விட்ட பிறகும் என் குடையை விடாமல் பிடித்துக்கொண்டு கல்லூரி மரத்தடியில் நின்றார். பிரின்சிபால் துரை நல்ல மனிதர். என் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உன் அப்பா விஷயம்... ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார் இங்கிலீஷில்.

அவருக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலில் அப்பா.

"தேங்க் யூ, சார்" என்றேன்.

இடம் கிடைத்துவிட்டது. துரை வாசல் வரை வந்தார். அப்பா ஓடிவந்து சலாம் வைத்தார். யார் இது என்று துரை கேட்டார்.

"மை அங்கிள், சார்."

ரயில்வேயில் சட்டைக்கார ஆங்கிலோ-இந்தியர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் 'அங்கிள்' என்பார்கள். அப்பாவுக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் அது ஒன்று. என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு துரையிடம் திரும்பி, "எஸ் சார், எஸ் சார்" என்றார்.

ரயிலில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"அதான் அந்த ஆளு என்னை ஏற இறங்கப் பாத்துப் பாத்து எழுதினானா?" என்று சிரித்தார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "அம்மாகிட்ட மட்டும் சொல்லாதடா. பொட்டு வெச்சிருக்கிற பொம்பளை, தாங்க மாட்டா."

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு, முறுக்கு டின்னோடு ஹாஸ்டலுக்கு வருவார். வாட்ச்மேனிடம் அவரே சொல்லிக்கொள்வார், "சித்தப்பா வந்திருக்கேன்னு சொல்லுங்க."

இரண்டாம் வருஷம் நிஜமாகவே போய்விட்டார். யார்டில் வேலையாக இருக்கும்போதே நெஞ்சு வலி.

லீவு கேட்டு எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவேன் சொல்லுங்கள்? கல்லூரிக் காகிதத்தில்தான் என் அப்பா எப்போதோ செத்தவராயிற்றே. உண்மையைச் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயம். 'மை அங்கிள் இஸ் டெட்' என்று எழுதினேன். சித்தப்பாவுக்கு ஒரு நாள்தான் லீவு. கொள்ளி வைத்துவிட்டு ரயிலேறினேன். மறுநாள் சாம்பல் எடுத்தவன் என் தம்பி. மூத்தவன் நான் கிள்ளானில் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தாயிற்று. தொண்ணூறை நெருங்குகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் லேப்டாப்போடு வந்தாள். ஏதோ யுனிவர்சிட்டிக்குக் கட்டுரையாம்.

"ஏதாச்சும் சோகமா இருந்தாத்தான் படிப்பாங்களாம் லா, தாத்தா. எங்க வீட்டில ஒண்ணுமே இல்லையே. அப்பாவுக்கு கேன்சர்னு போட்டுடவா? யாரு செக் பண்ணப் போறா?"

போட்டேன் ஒரு சத்தம். இந்த வயதில் எனக்கு அவ்வளவு குரல் இருந்ததே தெரியாது. டாக்ஸி கழுவிக்கொண்டிருந்த அவள் அப்பா ஈரக் கையோடு ஓடிவந்தார். "என்ன தாத்தா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லப்பா... நீ நல்லாருக்கேல்ல?"

அவர் திரும்பிப் போனார். அந்தப் பெண் பயந்துபோய், எழுதினதை அழித்துவிட்டாள்.

அன்றைக்கு இரண்டு வாரம் உட்கார்ந்தும் வராத கட்டுரை இப்போது வருகிறது. ஒரு பக்கம்கூட இல்லை.

என் அப்பா ரயில் சக்கரம் தட்டுகிறவர். வெடிப்பு எங்கே என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அவர் உயிரோடு இருக்கிறார், சார். உங்கள் ஜன்னலுக்கு வெளியே, மரத்தடியில், என் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.