இரண்டு தலைக்கு ஒரு தலையணை

ஐம்பத்தாறு வயதில் தாவ் ஹுய்ஃபென் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்ற பேச்சு, சாமந்தி பறிக்கும் காலத்தில்தான் ஊருக்குள் புகைந்தது. சீனாவின் டோங்ஷியாங் பக்கத்தில் அந்த நாட்களில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. டீக்கான வெள்ளைப் பூவைப் பறித்து, மூங்கில் தட்டில் பரப்பி, ஆவியில் வேகவைத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். ஆனாலும் வம்பு பேச மட்டும் எல்லோருக்கும் வாய் ஒழிந்திருந்தது.

மாப்பிள்ளை பாவ் யோங்கன், கால்வாயில் படகு பழுது பார்க்கிறவர். மனைவியை இழந்தவர். போன வருஷம் கண் சிவந்து நீர் வடிய அவள் வாசலில் வந்து நின்றார். ஹுய்ஃபென் பூவை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கக் கொடுத்தாள். ஊறிய பூவை ஆறவிட்டு அவர் இமைமேல் வைத்தாள். கண் தெளிந்த பிறகும் அவர் வந்துகொண்டே இருந்தார்.

“இன்னும் எரியுதா?” என்று கேட்டாள்.

“இல்ல. உங்க டீ நல்லா இருக்கு.”

அப்படித்தான் ஆரம்பித்தது.

இறந்துபோன கணவரின் அண்ணன் ஷன் தாசுவான் வந்தபோது, அவள் வாசல் கொடியில் ஒரு தலையணையை வெயிலுக்குப் போட்டிருந்தாள். தலைவலிக்கும் தூக்கத்துக்கும் உலர்ந்த சாமந்தி அடைத்த தலையணை எல்லார் வீட்டிலும் உண்டுதான். ஆனால் இது ஒரு ஆள் நீளம் இருந்தது.

“என்னம்மா இது?”

“தலையணை, அத்தான்.”

“இவ்வளவு நீளமா?”

“ரெண்டு தலை வைக்கணும்ல.”

அவருக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. “வெக்கமா இல்ல? பேரன் எடுத்தவ! அதை உள்ள கொண்டு போ!”

“பூ நமுத்துப்போகும். வெயில்லதான் கிடக்கணும்.” கண்ணாடிக் குவளையில் பூவைப் போட்டு வெந்நீர் ஊற்றி நீட்டினாள். “உங்களுக்குச் சூடு தலைக்கேறிடுச்சு. இதைக் குடிங்க.”

அவர் தொடவில்லை. “எங்க வீட்டு ஆளு ஒருத்தனும் உன் வயல்ல கால் வைக்க மாட்டான். பூ செடியிலேயே அழுகட்டும்!”

சொன்னபடியே அந்த வருஷம் பூப்பறிக்க ஒருவரும் வரவில்லை. ஜியாஷிங்கில் கம்பளிச் சட்டைக் கடை வைத்திருந்த மகன் யூமிங் போனில் கத்தினான்: “அப்பா சமாதிக்கு எந்த முகத்தோட போவீங்க?”

“இதே முகத்தோடதான். படுக்கையில கிடந்தவருக்குப் பதினோரு வருஷம் பணிவிடை பண்ணினவ நான். அவரே ஒண்ணும் சொல்ல மாட்டாரு. உனக்கு என்னடா?”

அவளும் யோங்கனும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை குனிந்து பறித்தார்கள். முதுகு ஒடிந்தது. பாதி வயல் மிச்சம் இருக்கும்போதே உறைபனி விழுந்து பூ கருகியது. அன்று வரப்பில் உட்கார்ந்து அவள் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “வாங்க, இன்னிக்கே கல்யாணத்தைப் பதிவு பண்ணிடுவோம். இனிமே கருக என்ன இருக்கு?” என்றாள். விரலில் பூக்கறையோடு கையெழுத்துப் போட்டாள்.

புத்தாண்டுக்கு யூமிங் வந்தான். யோங்கன் போட்ட தேநீரைக் குடித்தான். அவரை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஹுய்ஃபென் அதைக் கேட்டு வாங்கவும் இல்லை. தாசுவான் இன்றுவரை அவள் வாசலை மிதிக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் அவள் வயல் முழுக்க மறுபடி நாற்று நட்டாள், தாசுவான் வீட்டு வேலி ஓரம்வரை.