எனக்குப் பின்னால் இருந்த பங்களா

கொழும்புக் கம்பெனி ஒன்றில், வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்லும் வேலை. வீடியோவில் நேர்காணல் என்று மெயில் வந்ததும் நான் முதலில் பார்த்தது எங்கள் சுவரைத்தான். டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசிக் காம்பரா எங்களுடையது, ஒரே அறை. அடுப்புப் புகை ஏறி ஏறிச் சுவர் பாதி கறுப்பு, பாதி மஞ்சள். கூரைத் தகரம் ஒழுகும் இடத்தில் ஓர் உரப்பை தொங்குகிறது. இந்த லட்சணத்தில் உட்கார்ந்து "குட் மார்னிங்" சொன்னால் எவன் வேலை கொடுப்பான்?

ஹட்டனில் நான் கம்ப்யூட்டர் படித்த இடத்தில் இதற்கென்றே ஒரு வகுப்பு நடத்தினார்கள். கேமரா கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். பேசும்போது திரையைப் பார்க்கக் கூடாது, கேமராவைப் பார்க்க வேண்டும். பின்னால் கண்டதும் தெரியக் கூடாது. சொன்னதெல்லாம் செய்தேன். அரிசி வாளியைக் காலி பண்ணிக் கவிழ்த்து, அதன்மேல் இரண்டு பிஸ்கட் டின் வைத்து, லேப்டாப்பை ஏற்றினேன். சிநேகிதியிடம் கறுப்புக் கோட்டு இரவல் வாங்கினேன். அது மேலுக்கு மட்டும். கீழே பழைய பூப்போட்ட பாவாடைதான். பக்கத்துக் காம்பரா அக்காவிடம் போய், ஒரு மணி நேரம் டிவி போடாதீங்க என்று கெஞ்சினேன். கேமராவைப் பார்த்துப் பேசுவது மட்டும் எனக்கு வரவே இல்லை. கண் தன்பாட்டுக்குத் திரையில் தெரியும் என் மூஞ்சிக்கே ஓடியது.

சுவருக்கு வழி சொன்னது அம்மா. வீடியோவில் நமக்குப் பின்னால் வேறு படம் தெரிய வைக்கலாம் என்று நான் சொன்னதும் தன் போனை எடுத்து நீட்டினாள். தோட்டத்துப் பெரிய பங்களாவின் ஹால். குளிர்காயக் கல்லால் கட்டிய கணப்பு, தோல் நாற்காலிகள், மூலையில் பித்தளைச் சாடி. அங்கே இப்போது துரை யாரும் இல்லை, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். கொழுந்தெடுப்பதை விட்ட பிறகு அம்மா அங்கேதான் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இத வை புள்ள. அந்தச் சாடிய நான்தான் வெளக்குவேன். எப்பிடி மின்னுது பாரு."

அந்த வேலையைத்தான் போன மாதம் விட்டிருந்தாள். கேட்டதற்கு முட்டி வலி, மேட்டில் ஏற முடியவில்லை என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவும் இல்லாத வீடு. "ஒரு எடத்துல ஒழுங்கா நெலச்சு நிக்க மாட்டியா நீ?" என்று கத்தினேன். அவள் போய் அடுப்பை ஊதினாள். அன்றிலிருந்து இந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

நேர்காணல் அன்று காலையில் ஒரே மழை மப்பு. எங்கள் காம்பராவில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். அதுவும் லேப்டாப்புக்கு நெட் கொடுக்கும் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால்தான். அம்மா பிடித்துக்கொண்டு நின்றாள். ஹெட்போன் கிடையாது, லேப்டாப் சத்தமாகவே பேசியது. திரையில் ஓர் ஐயாவும் ஒரு மேடமும் வந்தார்கள். எல்லாம் ஆங்கிலம். நான் சும்மா சொல்லக் கூடாது, வெளுத்துக் கட்டினேன். தலையைத் திருப்பினால் பாதிக் காது பங்களாவுக்குள் மறைந்துபோகும், அதனால் சாமி சிலை மாதிரி ஆடாமல் இருந்தேன். ஐயா இரண்டு தடவை "வெரி குட்" சொன்னார்.

அப்போது அந்த மேடம் திரைப் பக்கம் குனிந்தார். சந்தோஷத்தில் சிங்களத்துக்கு மாறிவிட்டார்.

"அட, இந்த ஹாலை எனக்குத் தெரியுமே! போன மாதம் நாங்கள் தங்கிய பங்களா. இது உங்கள் வீடா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலைநாட்டில் இருக்கிற அத்தனை பங்களாவையும் விட்டுவிட்டு இந்த அம்மா இங்கேயா வந்து தங்க வேண்டும்? வாய் தானாகப் பொய் சொன்னது. "என் மாமா பார்த்துக்கொள்கிறார் மேடம்." எந்த மாமா? எனக்கு மாமாவே கிடையாது.

"நல்லதாகப் போயிற்று. அவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். என் காதுத் தோட்டைக் காணோம் என்று அங்கே பெரிய சத்தம் போட்டுவிட்டேன். கூட்டித் துடைக்கிற அம்மாவை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், தோடு என் மேக்கப் பைக்குள் கிடக்கிறது! போன் பண்ணிச் சொல்ல நினைத்தேன், வேலையில் மறந்தே போச்சு. பாவம் அந்த மனுஷி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்த வாய் அப்படியே நின்றுபோனது. படம் ஆடவில்லை, சத்தம் இல்லை. சிக்னல் போய்விட்டது.

ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். போனோடு அம்மாவின் கை இடுப்புக்கு இறங்கியிருந்தது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. சிங்களம் நன்றாகத் தெரியும்.

முட்டி வலியாம், முட்டி வலி! ஒரு மாதமாகத் திருடி என்ற பெயரைச் சுமந்துகொண்டு, வேளா வேளைக்கு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் அவளைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறேன். அடப்பாவி, நான் எல்லாம் ஒரு மகளா?

அம்மா கையை மறுபடியும் தலைக்கு மேலே தூக்கினாள். படம் ஓட ஆரம்பித்தது. ஒன்றும் அறியாத அந்த ஐயா, கையிலிருந்த தாளைப் பார்த்து அடுத்த கேள்வியை ஆங்கிலத்தில் படித்தார்: ஒரு வாடிக்கையாளர் தவறான புகார் கொடுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

இதற்கு வகுப்பில் பதில் மனப்பாடம் பண்ணியிருந்தேன். பொறுமையாகக் கேட்பேன், சிரமத்துக்கு வருந்துவேன், அப்படி இப்படி என்று நாலு வரி. நாக்கு நுனியில் நின்றது. ஜன்னலிலிருந்து அம்மா தலையை ஆட்டினாள். உதடு மட்டும் அசைந்தது. "வேணாம் புள்ள. நீ வேலையப் பாரு."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பின்னால் இருந்த படத்தை எடுத்துவிட்டேன். கணப்பும் சாடியும் போய், கறுப்புச் சுவரும் உரப்பையும் வந்தன. பூப்பாவாடையோடு எழுந்து போய் அம்மாவின் கையிலிருந்த போனைப் பிடுங்கினேன். அவளைக் கேமராவுக்கு முன்னால் தள்ளிவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்தபடி ஜன்னலில் நின்று சிங்களத்தில் கத்தினேன்.

"மேடம், எனக்கு மாமா கிடையாது. நாங்கள் இருப்பது இந்தக் காம்பராவில். நீங்கள் சொன்ன அந்த மனுஷி இவர்தான், என் அம்மா. இப்போதே பங்களாவுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும்வரை நாங்கள் இங்கேயே நிற்கிறோம்."

அந்த மேடத்தின் கை காதுக்குப் போனது. முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு நேரே கேமராவைப் பார்த்தாள். இரண்டு நாள் பழகியும் எனக்கு வராதது அவளுக்கு முதல் தடவையிலேயே வந்தது.

"நான் எடுக்கலீங்க நோனா," என்று சிங்களத்தில் சொன்னாள்.

தோடு கிடைத்துவிட்டது என்று அந்த மேடமே சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகும் அம்மா அப்படித்தான் சொன்னாள்.

மேடம் எங்கள் முன்னாலேயே போன் பண்ணினார். அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டார், அதை மறைக்க மாட்டேன். பங்களாவிலிருந்து மறுநாளே ஆள் அனுப்பினார்கள். அம்மா இப்போது திரும்பவும் அங்கே போகிறாள். வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று மெயிலில் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று லேப்டாப்பை மூடியதும், கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் பாய்ந்தேன். "ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

அவள் பிஸ்கட் டின்களை இறக்கிவிட்டு, வாளியை நிமிர்த்தி, அரிசியைத் திரும்பக் கொட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"சொல்லி, நீயும் 'எடுத்தியாம்மா'ன்னு கேட்டுட்டீன்னா?"

கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை.