புரட்டாசியில் மீன் வாசம்

எங்கள் வீட்டு ஆஸிலோஸ்கோப்பைச் சரிசெய்தது மாமா என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லாரும் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்பட்டும். சரிசெய்தவள் நான். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா என்று நான் சொல்வது அம்மாவின் தம்பியை. அவர் என் அப்பாவை மாமா என்று கூப்பிடுவார். அதனால் கள்ளிக்குப்பத்தில் மாடியில் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டுக்குள் மாமா, மாமா என்ற சத்தம் ஓயாமல் கேட்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின்களின் எலக்ட்ரானிக் கார்டுகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், மேனேஜரோடு சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டு, ஒரு துணிப்பையும் ஒரு சால்டரிங் அயர்னுமாக எங்களிடம் வந்து சேர்ந்தார். இனி யாரிடமும் கைகட்டி நிற்கப்போவதில்லை, பட்டறைக்காரர்களின் கார்டுகளை வீட்டில் வைத்தே சரிசெய்து கொடுத்துப் பிழைத்துக்கொள்வேன் என்றார். எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை. என் சைக்கிள் டைனமோவில் ரேடியோவைப் பாட வைத்தவர் அவர்.

அந்தத் தொழிலுக்கு ஒரு ஆஸிலோஸ்கோப் இல்லாமல் முடியாது. கம்பிக்குள் ஓடும் மின்சாரத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பெட்டி அது. அது இல்லாமல் கார்டைத் தொடுவது இருட்டில் ஊசி கோக்கிற வேலை என்பார் மாமா. புதிது வாங்க வழியில்லை. பூந்தமல்லியில் பழைய சாமான் குடோன் வைத்திருந்த ஒரு பாயிடம் பேசிப் பேசி, நான் பிறப்பதற்கும் முந்திய டிஜிட்டல் ஸ்கோப் ஒன்றை வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார். பாய் நேர்மையான மனுஷர். கொடுக்கும்போதே சொல்லிவிட்டாராம்: "தம்பி, உசுரு கீது, நெனவுதான் இல்ல. அப்பால வந்து என்னாண்ட சண்ட போடாத."

பாய் சொன்னது சரிதான். ஸ்விட்சைப் போட்டால் உள்ளே காற்றாடி சுற்றும், திரையில் பச்சை வெளிச்சம் வரும். பெட்டி தன்னைத்தானே சோதித்துப் பார்த்துக்கொண்டு, தேறவில்லை என்று எழுதிக் காட்டும். நடுவில் நேராகக் கிடக்கவேண்டிய கோடு கோணலாகச் சாய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக் காணாமல் போய்விடும்.

அப்பா இன்னொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தார். உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று பார்த்தே பழகிய மனுஷர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். பேசினால் அது தீர்ப்பாகத்தான் இருக்கும். ஒருநாள் சாப்பிடும்போது மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "விஜயதசமி வரிக்கும் பாரு மச்சான். அதுக்குள்ள இது ஓடலன்னா ஓசூர் கெளம்பு. என் பிரெண்டாண்ட பேசி வெச்சிட்டேன்."

ஓசூரில் அப்பாவின் நண்பர் ஒருவர் சின்னத் தொழிற்சாலை நடத்திவந்தார். மாமா தலையை ஆட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். மாமா ஓசூருக்குப் போய்விட்டால் சாயங்காலங்களில் நான் யாரோடு பேசுவேன்? அப்பாதான் வில்லன் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். ஒரு முடிவு கட்டிவிட்டால் அதை மாற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது.

மாமா பெட்டியைப் பிரித்தார். உள்ளே இருந்த பெரிய பச்சைக் கார்டில் குட்டிக் குட்டித் தகர டப்பாக்களைப் போல் கெப்பாசிட்டர்கள் நின்றன. வயசாகிவிட்டதால் அவை அடியில் கசிந்திருந்தன. அவற்றைக் கழற்றுவதற்காகச் சால்டரிங் அயர்னை வைத்தாரோ இல்லையோ, வீடு முழுக்க மீன் வாசம். அதுவும் மார்க்கெட்டில் விலைபோகாத நெத்திலியின் வாசம். கசிந்த திரவம் சூடானால் அப்படித்தான் நாறுமாம்.

மாதமோ புரட்டாசி. எங்கள் வீட்டில் புரட்டாசியில் முட்டைகூட வாசற்படி தாண்டாது. அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள்.

"இன்னாடா இது? பெருமாள் மாசத்துல ஊட்டுக்குள்ள மீன் வறுக்கிறியா?"

மாமா அறிவியல்படி விளக்கினார். அம்மா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அவருடைய வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தாள். கீழ்வீட்டுக்காரம்மா படியேறி வந்து, எங்கள் அடுப்பை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

கெப்பாசிட்டர்களையெல்லாம் மாற்றியும் கோடு பழையபடியே சாய்ந்தது. மாமா அசரவில்லை. இந்த சிப்பு, அந்த டிரான்சிஸ்டர் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். ஒவ்வொரு தடவையும் "இன்னிக்கு மாட்டிக்கும் பாரு பாப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். அவர் சொல்வதை நம்பிய ஒரே ஆள் நான்தான். கார்டு மேசையில் நாறிக்கொண்டே கிடந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தது. எஸ்டேட் பக்கம் லாரிகளும் ஆட்டோக்களும் வாழைக்கன்று கட்டிக்கொண்டு ஓடின. அம்மா எனக்கு உத்தரவு போட்டாள்: "ஊட்ல கீற ஒரு சாமானும் கழுவாம பூஜைக்கு வரக்கூடாது. மீன் நாத்தம் புடிச்ச உன் மாமன் பொட்டியும் சேத்துத்தான் சொல்றேன்."

அம்மா சொன்னது பெட்டியை ஈரத்துணியால் துடைப்பதைத்தான். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மூக்கை வைத்துப் பார்த்தேன். பெட்டியில் நாற்றமே இல்லை. நாற்றம் முழுவதும் கார்டில்தான் இருந்தது. நாறாததைத் துடைத்து நாறுவதை விட்டுவைப்பது என்ன நியாயம்?

அரிவாள்மனை, சுத்தியல், என் சைக்கிள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கார்டைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். மாமா ரிச்சி தெருவில் இருந்தார். புளி போட்டுத் தேய்க்கலாமா என்றுகூட யோசித்தேன். புளி முழுவதும் குத்துவிளக்குக்கே தீர்ந்துபோயிருந்தது, மாமாவின் நல்ல காலம். பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் குழைத்து, பழைய பல் பிரஷ்ஷால் என் யூனிபார்ம் காலரைத் தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்தேன். சிப்புகளின் கால்களுக்கு நடுவிலும் அடியிலும் நுரை புகுந்து பழுப்பாக வெளியே வந்தது. குழாயில் காட்டி அலசி, மொட்டைமாடிக் கொடியில் அப்பாவின் சட்டைக்கும் என் பாவாடைக்கும் நடுவில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். வேலை சுத்தமாக முடிந்த திருப்தியோடு மாமாவுக்காகக் காத்திருந்தேன்.

மாமா மாடிக்கு வந்து பார்த்தார். கார்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நாத்தமே இல்ல மாமா. மோந்து பாரு" என்றேன்.

எழுந்து வந்து நிஜமாகவே முகர்ந்து பார்த்தார். பிறகு மெக்கானிக் கடைக்கு ஓடி, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் வாங்கிவந்து, சோப்பு போகும்வரை மறுபடி அலசினார். அந்த நேரம் பார்த்து அப்பா கம்பெனி பூஜையை முடித்துக்கொண்டு, பொரிப் பொட்டலத்தோடு மாடியேறி வந்தார். யார் பார்த்த வேலை இது என்று கேட்டார்.

"நான்தான் மாமா கழுவ சொன்னேன்" என்றார் மாமா. "வெளிநாட்ல அல்லாரும் இப்டித்தான் பண்றாங்க. கழுவுனா கிளீனாப் பூடும்."

அப்பா என் நனைந்த கவுனையும், என் கையில் இருந்த பிரஷ்ஷையும் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மாமா எனக்காகப் பொய் சொன்னார் என்பது அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அன்பு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவுக்காக உயிரையும் கொடுக்கலாம் போல் இருந்தது.

மறுநாள் ஆயுத பூஜை. நல்ல வெயில். ஒரு சொட்டு ஈரம் உள்ளே நின்றாலும் போச்சு என்று மாமா கார்டை முறத்தில் வைத்து மொட்டைமாடியில் காயப்போட்டார். காக்காய் விரட்டும் பொறுப்பு என்னுடையது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில் ஒளிந்துகொண்டு காவல் காத்தேன்.

உச்சி வெயிலில் அப்பா நாற்காலியும் பேப்பருமாக மேலே வந்தார். காற்று வாங்கப் போவதாகக் கீழே சொல்லிவிட்டு வந்தாராம். புரட்டாசி வெயிலில் காற்று வாங்குகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். பேப்பரை ஒரு பக்கம்கூட அவர் படிக்கவில்லை. தொட்டியின் நிழல் முறத்தை நெருங்கும்போதெல்லாம் எழுந்து முறத்தை வெயிலுக்கு நகர்த்தினார். கார்டைத் திருப்பிப் போட்டார். ஒரு மேகம் மறைத்தபோது வானத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு குனிந்து, சிப்புகளின் அடியில், பிள்ளைகளின் முழங்கால் காயத்தில் ஊதுவதுபோல் ஊதினார். ஸ்டோர்ஸ்காரர் பழுது தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

அவருடைய போன் அடித்தது. ஓசூர் நண்பர்.

"இன்னிக்கே சொல்லணுமா?" என்று கேட்டார் அப்பா. முறத்தைப் பார்த்தார். கார்டின் ஓரத்தில் இன்னும் ஈரம் மின்னியது. "இல்லடா, மச்சான் வரமாட்டான். எனக்கோசரம் அந்த எடத்த வெச்சிகினு இருக்காத. வேற ஆளப் போட்டுக்கோ. ஆமாடா, யோசிச்சிதான் சொல்றேன்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்து ஊத ஆரம்பித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓசூர் எனக்கும் பிடிக்காத ஊர்தான். ஆனால் ஸ்கோப்பும் ஓடாமல் போய், ஓசூரும் இல்லையென்றால் மாமா எங்கே போவார்? கழுவிக் காய்கிற கார்டைப் பார்த்துவிட்டு, இவன் ஓசூருக்குக்கூட லாயக்கில்லை என்று அப்பா கணக்கை முடித்துவிட்டார். இவரும் ஒரு மனுஷரா? மாமாவிடம் சொன்னால் நொறுங்கிப்போவார் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் தண்டனை கொடுக்காமல் விடவில்லை. சாயங்காலம் பூஜை முடிந்து பொரி பங்கு வைக்கும் வேலை என்னிடம் வந்தது. அப்பாவின் கிண்ணத்திலிருந்து வெல்லத்தையும் வேர்க்கடலையையும் பொறுக்கி எடுத்துவிட்டு வெறும் பொரியைக் கொடுத்தேன். நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

பூஜைக்கு முன்னமே மாமா கார்டை மாட்டிப் பெட்டியை மூடியிருந்தார். ஒரே ஒரு தடவை ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சினார். பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை தொடக்கூடாது என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். அரிவாள்மனைக்கும் என் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவில் ஸ்கோப் உட்கார்ந்திருந்தது. திரைக்கு நட்ட நடுவில் அம்மா சந்தனம் தடவிக் குங்குமமும் வைத்திருந்தாள்.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி முடிந்ததும் மாமா ஸ்விட்சைப் போட்டார். காற்றாடி சுற்றியது. பச்சை வெளிச்சம் வந்தது. பெட்டி தன்னைச் சோதித்துக்கொள்ள ஆரம்பித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. கழுவியவள் நான், எனக்கென்ன பயம்? தேறியது. திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, குங்குமப் பொட்டுக்குப் பின்னால், ஆடாமல் அசையாமல் ஒரு கோடு கிடந்தது.

மாமா என்னைத் தூக்கிச் சுற்றியதில் என் தலை அலமாரியில் இடித்தது. கசிந்த திரவம் சிப்புகளுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து, போகக்கூடாத பாதையிலெல்லாம் மின்சாரத்தை விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கெப்பாசிட்டரை மாற்றினால் மட்டும் அது போகாது, கழுவினால்தான் போகும். குரங்கு பிடிக்கப்போய்ப் பிள்ளையார் ஆன கதை என்றார் மாமா. நாற்றம் போனால் எல்லாம் சரியாகும் என்று தான் அப்போதே சொன்னதாக அம்மா சொன்னாள்.

அப்பா காபி டம்ளரோடு வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தார்.

"சரி மச்சான்" என்றார். "அப்ப ஓசூர்காரனுக்கு இன்னிக்கு போன் போட்டு, நீ வரலன்னு சொல்லிடறேன்."

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா கையை அசைத்துவிட்டுக் காபியைக் குடித்தார்.

இன்றைக்கு மாமாவுக்குக் கோவில்பதாகையில் சொந்தப் பட்டறை இருக்கிறது. அந்த ஸ்கோப்பும் அங்கேதான் ஒரு மூலையில் இருக்கிறது. ஆனால் அந்தக் காலையில், அப்பா சொன்னது பொய் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். போன் பேசியாகிவிட்டது. முந்தின நாளே, கார்டில் ஈரம் மின்னிக்கொண்டிருந்தபோது, அது ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாதபோதே பேசியாகிவிட்டது. சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு எப்படிக் கூசாமல் பொய் சொல்கிறார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாமா சொன்ன பொய்யை அன்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. அப்பா சொன்னது பொய் என்பதுவரைதான் தெரிந்தது. மிச்சமிருந்த பொரியை அன்றைக்கும் நான்தான் பங்கு வைத்தேன். அன்றைக்கும் அப்பாவின் கிண்ணத்தில் வெல்லம் வைக்கவில்லை.